படுக்கையில் கட்டிவைக்கப்படும் பெரியவர்கள்: கண்டுபிடிப்பது முதல் புகார் கொடுப்பது வரை

அப்பாவின் இடது மணிக்கட்டில் சிவப்பாக ஒரு வளையம் தெரிந்தது. வாட்ச் கட்டின தடம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவர் வாட்ச் கட்டுவதை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. கட்டில் கம்பியில் காஸ் துணியின் ஒரு நுனி முடிச்சோடு தொங்கியதை அப்புறம்தான் பார்த்தேன்.

அன்றைக்கு எல்லாவற்றையும் வரிசை மாற்றிச் செய்தேன். கத்தினேன். இரவு 9 மணிக்கு அந்தப் பராமரிப்பாளரை வெளியே அனுப்பினேன். தடத்தைப் படம் எடுக்கவில்லை. நான்காம் நாள் ஏஜென்சியிலிருந்து வந்த புது ஆளும் அப்பாவைக் கட்டினார். அதன் பிறகு இதே நிலையில் இருந்த பல குடும்பங்களுக்குத் துணையாகப் போயிருக்கிறேன். கிட்டத்தட்ட எல்லோரும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

ஒரு கட்டு இருந்தால் அதற்குப் பின்னால் இரண்டு கேள்விகள் இருக்கும். பெரியவர் ஏன் எழப் பார்க்கிறார்? இரவில் யார் விழித்திருக்கிறார்கள்? இவற்றுக்குப் பதில் தேடாமல் ஆளை மட்டும் மாற்றினால் கட்டு திரும்ப வரும். கீழே உள்ள வரிசை அதை மனதில் வைத்து எழுதியது. தமிழ்நாட்டில் வீட்டிலோ முதியோர் இல்லத்திலோ இருப்பவர்களுக்கு அப்படியே பொருந்தும்.

1. தொடங்கும் முன் தயாராக வைக்க வேண்டியவை

ஒரு நீள நோட்டு, பேனா. போனில் எழுதுவதைவிட நோட்டு நல்லது. பகல் ஆள், இரவு ஆள், நீங்கள் என மூவரும் ஒரே இடத்தில் எழுதலாம். பின்னால் காவல் நிலையத்திலோ மருத்துவரிடமோ காட்டவும் வசதி.

இப்போது கொடுக்கப்படும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், கடைசி மருந்துச் சீட்டு, கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி. மாத்திரையின் பெயரை வாயால் கேட்டு எழுதாதீர்கள், அட்டையையே படம் எடுங்கள். சீட்டில் இல்லாத ஒரு தூக்க மாத்திரை அட்டைக் குவியலில் கிடைப்பது அடிக்கடி நடக்கிறது.

அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் பேசி, மருத்துவரிடமும் இல்லத்திடமும் பேசப்போவது யார் என்று ஒருவரை முடிவு செய்யுங்கள். நான்கு பேர் நான்கு விதமாகப் போன் செய்தால், இல்லத்துக்காரர்கள் தங்களுக்குச் சாதகமான பதிலைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள்.

மிக முக்கியமானது, முதல் மூன்று இரவுகளுக்குத் துணை. வீட்டு ஆளோ உறவினரோ பக்கத்து வீட்டுத் தம்பியோ, பெரியவர் பக்கத்தில் விழித்திருக்க ஒருவர் வேண்டும். இது இல்லாமல் அடுத்த படிகளைத் தொடங்கினால், அவிழ்த்த இரவே அவர் விழுந்து இடுப்பு உடைய வாய்ப்பு உண்டு. அப்புறம் "பாத்தீங்களா, அதுக்குத்தான் கட்டினோம்" என்ற பேச்சுக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

2. எதெல்லாம் கட்டு என்று தெரிந்துகொள்ளுங்கள்

துணியால் கையைக் கட்டுவது மட்டுமே கட்டு என்று நினைப்பதுதான் புதியவர்களின் முதல் தவறு. வேட்டிக் கிழிசல், துப்பட்டா, காஸ் துணி ஆகியவை கண்ணுக்குத் தெரியும். தெரியாதவை நிறைய இருக்கின்றன.

கட்டிலின் இரண்டு பக்கக் கம்பிகளையும் ஏற்றி வைப்பது. ஒரு பக்கத்தைச் சுவரோடு ஒட்டி, மறுபக்கம் நாற்காலி வரிசை போடுவது. எழ முடியாத தாழ்ந்த சாய்வு நாற்காலியில் நாள் முழுக்க உட்காரவைப்பது. சக்கர நாற்காலிக்கு முன்னால் மேசையை நெருக்கிவிடுவது. போர்வையை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகுவது. வாக்கரையும் கண்ணாடியையும் எட்டாத உயரத்தில் வைப்பது. வெளியே தாழ்ப்பாள் போடுவது. நடக்கக்கூடியவருக்கு டயப்பர் போட்டுவிட்டு, "அதிலேயே போங்க" என்று பாத்ரூமுக்குக் கூட்டிப்போகாமல் இருப்பது. கடைசியாக, மாத்திரை. அதற்குத் தனிப் பகுதி இருக்கிறது.

எதையும் சோதிக்க இரண்டே கேள்விகள் போதும். பெரியவர் நினைத்தால் தானே இதை விலக்க முடியுமா? இது இருப்பதால் நிம்மதி யாருக்கு, அவருக்கா, பார்த்துக்கொள்பவருக்கா? திரும்பிப் படுக்கும்போது பிடித்துக்கொள்ளத் தனக்குக் கம்பி வேண்டும் என்று பெரியவரே கேட்டு, அதை இறக்கவும் அவருக்குத் தெரிந்திருந்தால் அது கட்டு ஆகாது. அதே கம்பி, குழப்பத்தில் இருக்கும் ஒருவருக்குக் கட்டுதான். போதாததற்கு ஆபத்தும்கூட. கம்பியைத் தாண்டி ஏறி விழுபவர், கட்டில் உயரத்தோடு கம்பியின் உயரமும் சேர்ந்து விழுகிறார்.

3. நேரம் மாற்றிப் போய்ப் பாருங்கள்

ஞாயிறு காலை 11 மணிக்குப் போனால் எல்லோரும் குளித்து, பவுடர் போட்டு, நாற்காலியில் இருப்பார்கள். விடியற்காலை 5 மணிக்கோ இரவு உணவுக்குப் பிறகோ போங்கள். இல்லத்தில் அந்த நேரம் அனுமதி இல்லை என்றால், எப்போதெல்லாம் அனுமதி என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதிலிலேயே அந்த இடத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

போனதும் கையைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள். பேசும்போதே இரண்டு மணிக்கட்டுகளையும் பாருங்கள். பிறகு கணுக்கால், முழங்கைக்கு மேல் உட்பக்கம், காது மடல், கழுத்து. எண்ணெய் தேய்த்துவிடும் சாக்கில் முதுகையும் இடுப்பின் கீழ்ப்பகுதியையும் குதிகாலையும் பார்த்துவிடலாம். ஒரே நிலையில் கிடப்பவருக்குச் சில மணி நேரத்திலேயே படுக்கைப் புண் தொடங்கிவிடும். அழுத்தினாலும் வெளுக்காத சிவப்புதான் அதன் முதல் அடையாளம். கறுத்த தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம். அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

இங்கே அவசரப்பட்டு யார் மீதும் பழி போட வேண்டாம். வயதானவர்களின் முன்கையில் ஊதா நிறத் திட்டுகள் தானாகவே வரும். தோல் மெலிந்துபோவதே காரணம். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னும் அதிகம். சந்தேகப்பட வேண்டியது வளையம்போலச் சுற்றி வரும் தடம், இரண்டு கையிலும் ஒரே உயரத்தில் இருக்கும் தடம், விரல் பதிந்ததுபோல வரிசையாக இருக்கும் புள்ளிகள், காதிலும் கழுத்திலும் உள்ள காயம் ஆகியவற்றைத்தான்.

அறையையும் பாருங்கள். தண்ணீர் டம்ளர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா? நகம் வெட்டியிருக்கிறதா? கட்டில் கம்பியில் ஒரே இடத்தில் பெயிண்ட் தேய்ந்திருக்கிறதா?

பிறகு பெரியவரிடம் தனியாகப் பேசுங்கள். "உன்னைக் கட்டுறாங்களாப்பா?" என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் வரும். மகன் மகளுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்ற எண்ணமும், நீங்கள் போன பிறகு என்ன நடக்குமோ என்ற பயமும் அந்தப் பதிலில் இருக்கின்றன. "ராத்திரி ஒண்ணுக்கு வந்தா என்ன பண்றீங்க?" என்று கேளுங்கள். உண்மை வந்துவிடும்.

4. கட்டப்பட்ட நிலையில் பார்த்தால் அந்த நிமிடம் செய்ய வேண்டியது

கழுத்திலோ நெஞ்சிலோ துணி இறுகியிருந்தால், விரல்கள் நீலமாகவோ வெளுத்தோ குளிர்ந்தோ இருந்தால், வேறு எதுவும் யோசிக்காமல் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். அந்த நேரத்தில் படம் எடுக்கக் கூடாது.

அப்படி இல்லை என்றால், பத்து விநாடி செலவழித்து இரண்டு படம் எடுங்கள். ஒன்று முடிச்சும் கையும் கட்டிலும் சேர்ந்து தெரியும்படி, இன்னொன்று தடத்தைப் பக்கத்தில். அதன் பிறகு அவிழுங்கள். அவிழ்த்த துணியைத் தூக்கி எறியாமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

அவிழ்த்தவுடன் எழுப்பி நிற்கவைக்காதீர்கள். பல மணி நேரம் படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழுவார். தலைப்பக்கத்தை உயர்த்தி, கை கால்களை மெல்ல நீவி, வாயை நனைத்து, பிறகு உட்காரவையுங்கள். தொடையிலோ இடுப்பிலோ தொட்டாலே வலி என்றால், ஒரு கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ தெரிந்தால், தூக்காமல் 108 அழையுங்கள். மூக்கு டியூபோ யூரின் டியூபோ இருந்தால், அவிழ்த்த கையை உங்கள் கைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அவர் பிடுங்குவதற்கு முன் பிடிப்பதற்கு வேறு ஒன்று கிடைத்துவிடும்.

பராமரிப்பாளரிடம் அந்த நேரத்தில் சண்டை வேண்டாம். "எப்போ கட்டினீங்க, எதுக்காக?" என்று மட்டும் கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். "டியூபைப் புடுங்கிடுறாரு சார், அதான் லேசா கட்டினேன்" என்ற ஒரு வரியில் காரணமும் இருக்கும், ஒப்புதலும் இருக்கும். கத்தினால் இரண்டுமே கிடைக்காது. அடித்த தடம் இருந்தால் மட்டும் அந்த ஆளை உடனே பெரியவரிடமிருந்து விலக்கிவிடுங்கள்.

5. அன்றைக்கே பதிவு

காயம் இருந்தால் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போய், காயம் எப்படி வந்தது என்பதைச் சொல்லி, ஏ.ஆர். போடச் சொல்லுங்கள். விபத்துப் பதிவேட்டில் ஏறும் அந்தக் குறிப்புதான் பின்னால் உங்கள் பக்கம் பேசும். தோல் தடம் ஓரிரு நாளில் மங்கிவிடும். "முதலில் இல்லத்துக்காரர்களிடம் பேசிப் பார்ப்போம்" என்று ஒரு வாரம் தள்ளியவர்களிடம் கடைசியில் கோபம் மட்டும்தான் மிஞ்சுகிறது.

படங்களில் ஒரு ரூபாய் நாணயத்தைத் தடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அளவு தெரியும். அடுத்த நாளும் அதன் மறுநாளும் அதே இடத்தை எடுங்கள். படங்களைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட வேண்டாம். கட்டப்பட்ட அப்பாவின் படம் ஊரெல்லாம் சுற்றுவது அவருக்கு இன்னொரு அவமானம்.

6. ஏன் எழுகிறார் என்று கண்டுபிடியுங்கள்

மொத்த வழிகாட்டியிலும் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. பெரும்பாலானவர்கள் தாண்டிப்போவதும் இதைத்தான்.

மூன்று நாள், இரவு பகலாக, நோட்டில் ஐந்தே விஷயம் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு எழப் பார்த்தார், அதற்கு முன் என்ன நடந்தது, சிறுநீர், மலம், கொடுத்த மாத்திரை. வேறு கதை எதுவும் வேண்டாம்.

அப்பா தினமும் இரவு 11 மணியிலிருந்து 2 மணிக்குள் மூன்று தடவை இறங்கப் பார்த்தார். அதனால்தான் கட்டினார்கள். நோட்டில் எழுதிய பிறகுதான் தெரிந்தது, நீர் பிரியும் மாத்திரையின் இரண்டாவது வேளையை இரவு 8 மணிக்குச் சாப்பாட்டோடு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒன்றுக்குப் போகத்தான் எழுந்திருக்கிறார். கேட்கத் தெரியவில்லை, வார்த்தை வரவில்லை, அதனால் இறங்கினார். மருத்துவர் அந்த வேளையை மதியம் 2 மணிக்கு மாற்றினார். ஒரு வாரத்தில் இரவு எழுவது ஒரு தடவையாகக் குறைந்தது. ஒரு மாத்திரையின் நேரம் தவறியதற்காக அவர் எத்தனை இரவு கட்டுண்டு கிடந்தார் என்பதை என்னால் இன்றும் நினைக்க முடியவில்லை.

வழக்கமாகக் கண்ணில் படும் மற்ற காரணங்கள் இவை. அடிவயிற்றில் சிறுநீர் தேங்கி நிற்பது. டயப்பர் கொஞ்சம் கொஞ்சமாக நனைந்துகொண்டே இருக்கும், அதனால் போகிறார் என்றே நினைப்போம். அடிவயிறு கெட்டியாக உப்பியிருந்தால் உடனே காட்ட வேண்டும். மூன்று நாளாக மலம் போகாதது. சிறுநீர்த் தொற்று. முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் திடீர்க் குழப்பமாகவும் அது வெளிப்படும். சோடியம் குறைவது. புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரை. பல்வலி, மூட்டுவலி. பசி. கண்ணாடியும் காது மெஷினும் இல்லாமல் அறையே அந்நியமாகிப் போவது. மறதி நோய் உள்ளவர்களுக்கு மாலை 5 மணிக்கு மேல் தொடங்கும் படபடப்பு.

டயப்பரைப் பிய்த்துப் போடுகிறார் என்று இரண்டு கையும் கட்டப்பட்ட ஓர் அம்மாவைப் பார்த்தேன். திறந்து பார்த்தால் தொடை இடுக்கு முழுக்கப் பூஞ்சைத் தொற்று, தோல் உரிந்திருந்தது. அரிப்புத் தாங்காமல்தான் பிய்த்திருக்கிறார். களிம்பு போட்டு, பகலில் டயப்பரை நிறுத்தி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கூட்டிப்போனார்கள். கை கட்டத் தேவையே வரவில்லை.

நேற்றுவரை சரியாக இருந்தவர் இரண்டே நாளில் மாறினால் அதை "வயசாயிடுச்சு" என்று விடாதீர்கள். அது உடம்புக்கு ஏதோ வந்திருப்பதன் அடையாளம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். முதியோர் மருத்துவம் தெரிந்த மருத்துவர் கிடைத்தால் நல்லது. சென்னையில் இருப்பவர்களுக்குக் கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் 2024 முதல் இயங்குகிறது. மற்ற மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதியோர் பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

7. காரணத்துக்கு ஏற்ற மாற்று

காரணம் தெரிந்த பிறகு மாற்று எளிது. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யாமல் ஒவ்வொன்றாகச் செய்தால்தான் எது பலித்தது என்று தெரியும்.

விழுவார் என்ற பயம் இருந்தால் விழும் உயரத்தைக் குறையுங்கள். உயரமான மருத்துவக் கட்டிலை இறக்கிவையுங்கள், அல்லது மெத்தையைத் தரையிலேயே போடுங்கள். நம் வீடுகளில் தரையில் படுப்பது புதிதில்லை. எழுப்பிவிட ஆள் வேண்டும், முதுகை வளைத்துத் தூக்கக் கூடாது என்பது மட்டும் கவனம். கட்டில்தான் என்றால் பக்கத்தில் தரையில் ஒரு மெத்தை, மங்கலான இரவு விளக்கு, கட்டிலை ஒட்டிக் கமோடு நாற்காலி. இரவு 10 மணிக்கும் விடியற்காலை 4 மணிக்கும் அவர் கேட்காமலே கூட்டிப்போங்கள். மாலைப் படபடப்புக்கு, இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். 4 மணிக்கே சிற்றுண்டியும் கொஞ்சம் நடையும் கொடுங்கள்.

டியூபைப் பிடுங்குகிறார் என்றால் முதலில் கேட்க வேண்டியது, "அந்த டியூப் இன்னும் வேண்டுமா?" என்பதுதான். மருத்துவமனையில் போட்டது, யாரும் திரும்பிப் பார்க்காமல் மாதக்கணக்கில் தொடர்வது நிறைய. முற்றிய மறதி நோயில் டியூபால் ஊட்டுவதைவிடப் பொறுமையாகக் கையால் ஊட்டுவதையே நிபுணர்கள் பரிந்துரைக்கிறார்கள். டியூப் வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், மூக்கு டியூபைக் கண்ணில் படாமல் காதுக்கு மேலாகப் பின்பக்கம் கொண்டுபோய் ஒட்டுங்கள். யூரின் டியூபை வேட்டிக்குள்ளோ பைஜாமாவுக்குள்ளோ விடுங்கள். கையில் ஒரு துணியோ ஜெபமாலையோ உருண்டையோ கொடுங்கள். இதெல்லாம் பலிக்காத இடத்தில், கட்டிலோடு பிணைக்காத மென்மையான கையுறை உண்டு. அதுவும் கட்டுதான், ஆனால் கை அசையும். சில மணி நேரத்துக்கு ஒரு முறை கழற்றி விரல்களைத் துடைத்துப் பார்க்க வேண்டும்.

8. இரவை யார் பார்ப்பது

24 மணி நேரமும் ஒரே ஆள் என்று ஏஜென்சி சொல்வதை நாம் சந்தோஷமாக ஏற்றுக்கொள்கிறோம். அந்தப் பராமரிப்பாளர் எப்போது தூங்குவார் என்று யோசிப்பதில்லை. மூன்றாம் நாள் இரவு அவர் தூங்கித்தான் ஆக வேண்டும். பெரியவரைக் கட்டினால்தான் அவரால் தூங்க முடியும். நான் பார்த்த வீட்டுக் கட்டுகளில் பெரும்பாலானவை இப்படி வந்தவைதான்.

ஆகவே முதலில் தூக்கத்தைப் பங்கு போடுங்கள். இரவில் இரண்டு ஆள் வைக்கப் பணம் இல்லை என்றால், இரவு 10 முதல் 2 வரை வீட்டில் ஒருவர், 2 முதல் 6 வரை பராமரிப்பாளர். வாரத்தில் ஒரு முழு நாள் விடுப்பு. படுக்க ஒரு பாய், சாப்பாடு, மின்விசிறி.

பிறகு பேசுங்கள். "அக்கா, எந்தக் காரணத்துக்காகவும் அப்பாவைக் கட்டக் கூடாது. சமாளிக்க முடியலைன்னா எத்தனை மணின்னாலும் என்னை எழுப்புங்க, கோபப்பட மாட்டேன்." இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லாமல் முதல் வாக்கியத்தை மட்டும் சொல்பவர்கள் வீட்டில் கட்டு ரகசியமாகத் தொடரும். சொன்னபடி, இரவு 3 மணிக்கு எழுப்பினால் எழுந்து போகவும் வேண்டும்.

ஏஜென்சியோடு போடும் தாளிலும் இதை எழுத்தில் வாங்குங்கள்: கட்டக் கூடாது, சீட்டில் இல்லாத மாத்திரை கொடுக்கக் கூடாது, விழுந்தால் ஒரு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும்.

கேமரா வைப்பதாக இருந்தால் பராமரிப்பாளருக்கும் பெரியவருக்கும் சொல்லிவிட்டு வையுங்கள். குளிக்கும், உடை மாற்றும் இடத்தில் வேண்டாம்.

9. மாத்திரையால் போடும் கட்டு

பகல் 11 மணிக்கும் கண் திறக்காமல், வாயில் எச்சில் வழிய, சொல் குழறி இருந்தால் மாத்திரை அட்டைகளை எடுங்கள். குவெட்டியாபின், ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஓலான்சபின், லோராசெபாம், குளோனாசெபாம், அல்ப்ரசோலம் ஆகியவற்றில் ஒன்று இருக்கிறதா? முதல் நான்கும் மனநோய் மருந்துகள், மற்ற மூன்றும் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுப்பவை. சளி, அரிப்பு மாத்திரைகளைத் தூக்கத்துக்காகக் கொடுக்கும் பழக்கமும் உண்டு.

மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் கடும் எச்சரிக்கை விட்டது, 2008இல் பழைய வகை மருந்துகளுக்கும் அதை நீட்டித்தது. சில நேரம் அவை தேவைப்படும், மறுக்கவில்லை. ஆனால் மருத்துவரிடம் இவற்றைக் கேட்டுச் சீட்டின் பின்னால் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த அறிகுறிக்கு இது? எத்தனை நாள்? எப்போது குறைத்துப் பார்ப்போம்?

இங்கே நடக்கும் பெரிய தவறு, கோபத்தில் எல்லா மாத்திரையையும் அன்றே நிறுத்துவது. பல மாதம் எடுத்த தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

10. மருத்துவமனையில் "கட்டியே ஆகணும்" என்றால்

தீவிர சிகிச்சையில் மூச்சுக் குழாயைப் பிடுங்கினால் உயிர் போகும் என்ற நிலை உண்டு. அப்போதும் கேட்கலாம், கேட்க வேண்டும். யார் உத்தரவு போட்டார்? கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறதா? எத்தனை மணி வரை? நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டால் அவிழ்ப்பீர்களா?

அளவுகோலாக மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ஐ வைத்துக்கொள்ளுங்கள். அதன் 97ஆவது பிரிவு மனநல நிலையங்களுக்கானது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் இல்லாமல் என்பது விதி. காரணத்தையும் நேரத்தையும் உடனே எழுத வேண்டும். நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தண்டனையாகக் கட்டக் கூடாது, ஆள் பற்றாக்குறை என்பதற்காகவும் கட்டக் கூடாது. சங்கிலியால் பிணைப்பதை அதே சட்டத்தின் 95ஆவது பிரிவு முழுவதுமாகத் தடை செய்கிறது. 2001இல் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் இருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். மனநல மருத்துவமனைக்கே இவ்வளவு விதி இருக்கும்போது, ஒரு முதியோர் இல்லம் "ஆள் பத்தலை" என்று சொல்லிக் கட்டுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

கட்டியிருக்கும் நேரத்தில் நீங்கள் பார்க்க வேண்டியவை: துணிக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாக இருக்க வேண்டும். கட்டிலின் சட்டத்தில் கட்ட வேண்டும், ஏற்றி இறக்கும் கம்பியில் கூடாது, இறக்கும்போது கை முறுக்கும். தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், மல்லாந்து கட்டுண்டவர் வாந்தி எடுத்தால் நுரையீரலுக்குள் போகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது அவிழ்த்து, கையை அசைத்து, திருப்பிப் படுக்கவைக்க வேண்டும்.

11. புகார், எந்த வரிசையில்

அடி, பட்டினி, பாலியல் தொல்லை, கழுத்து நெஞ்சுக் கட்டு இருந்தால் நேராகக் காவல்துறை, 100 அல்லது 112. மற்றவற்றில் கீழ்வரும் வரிசை பலன் தருகிறது.

முதலில் இல்ல நிர்வாகிக்கு எழுத்தில். தேதி, நேரம், பார்த்தது, உங்கள் கோரிக்கை ஆகிய நான்கும் ஒரே பக்கத்தில் இருந்தால் போதும். நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாய்ப்பேச்சை "அப்படி யாரும் சொல்லலையே" என்று மறுத்துவிட முடியும்.

பதில் இல்லை என்றால் 14567, முதியோர் உதவி எண். காலை 8 முதல் இரவு 8 வரை, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். வழிகாட்டுவார்கள், தேவைப்பட்டால் களத்தில் ஆளையும் அனுப்புவார்கள். கூடவே மாவட்ட சமூக நல அலுவலருக்கும் ஆட்சியருக்கும் மனு. இல்லம் பதிவு பெற்றதா என்று அங்கேயே கேட்கலாம். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாரில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 126 (சட்ட விரோதத் தடுப்பு), 127 (சட்ட விரோத அடைப்பு), காயம் இருந்தால் 115 என்று பிரிவுகளைக் குறிப்பிடலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 341, 342, 323தான் இவை. வழக்குப் பதிய மறுத்தால் அதே புகாரைக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம்.

கட்டுவது சொந்தப் பிள்ளையே என்றால் அணுகுமுறை வேறு. நான் பார்த்த வீடுகளில் பாதியில், பல வருடம் தனியாகப் பார்த்துக் களைத்துப்போன ஒரு மகளோ மருமகளோதான் இருந்தார். அவருக்கு முதலில் துணை கொடுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி நிவாரணமும் இயன்முறை சிகிச்சையும் தருகிறார்கள், கேளுங்கள். சொத்துக்காகவோ பென்ஷனுக்காகவோ கொடுமை நடக்கிறது என்றால், 2007 ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி வருவாய் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். கவனித்துக்கொள்வார் என்ற நிபந்தனையில் எழுதிக்கொடுத்த சொத்தை, அப்படிக் கவனிக்காவிட்டால் ரத்து செய்யக் கோர அதன் 23ஆவது பிரிவு இடம் தருகிறது. கைவிட்டுப் போவதற்கு 24ஆவது பிரிவில் 3 மாதம் வரை சிறை உண்டு.

புதியவர்கள் செய்யும் தவறு, பெரியவரை அதே அறையில் விட்டுவிட்டுப் புகார் கொடுப்பது. புகார் போகும் நாளில் அவர் வேறு இடத்திலோ, பக்கத்தில் உங்கள் ஆள் ஒருவரோடோ இருக்க வேண்டும். கிளம்பும் முன் அங்குள்ள மருத்துவக் குறிப்புகளின் நகலை வாங்கிவிடுங்கள். பிறகு கிடைப்பது கஷ்டம்.

12. புது இல்லம் பார்க்கும்போது

கட்டடத்தையும் தோட்டத்தையும் பிறகு பார்க்கலாம். இரவு 2 மணிக்கு எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர் என்று கேளுங்கள். "கடைசியா யாரைக் கட்டினீங்க, ஏன்?" என்று கேளுங்கள். "நாங்க கட்டுறதே இல்லை" என்று சட்டென்று வரும் பதிலைவிட, "போன மாதம் ஒருத்தரை இரண்டு மணி நேரம் கட்டினோம், மருத்துவரைக் கூப்பிட்டோம், இதோ எழுதியிருக்கு" என்று ரிஜிஸ்டரைக் காட்டுபவரை நான் அதிகம் நம்புவேன். நிறுவனங்களில் வேலை செய்பவர்களில் மூவரில் இருவர், முந்தைய ஓராண்டில் முதியவரிடம் ஏதாவது ஒரு வகையில் தவறாக நடந்ததாகத் தாங்களே ஒப்புக்கொண்டதை உலக சுகாதார நிறுவனம் பதிவு செய்திருக்கிறது. ஆகவே, "எங்க இடத்தில் ஒண்ணுமே நடக்காது" என்பது விசாரணையை முடிக்கும் பதில் ஆகாது.

13. அவிழ்த்த பிறகு முதல் இரண்டு வாரம்

கட்டுண்டு கிடந்தவரின் கால் தசை வேகமாகக் கரைந்திருக்கும். எழ முடிகிறதே என்று விட்டுவிடாதீர்கள். முதல் வாரம் நிற்கும்போது ஒருவர், நடக்கும்போது ஒருவர் பிடித்தபடி இருக்க வேண்டும். இயன்முறை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மனதும் உடனே திரும்பாது. அப்பா பல நாள், போர்வையை விரிக்க நான் கையைத் தூக்கினாலே இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து நீட்டினார். அதைப் பார்த்த பிறகு, அவரைத் தொடும் முன் சொல்லிவிட்டுத் தொடுவது என்று வீட்டில் முடிவு செய்தோம். "அப்பா, போர்வை போத்தறேன்." "அப்பா, கையைத் துடைக்கிறேன்." மூன்றாவது வாரத்தில் கையை நீட்டுவது நின்றது.

பராமரிப்பாளர் மாறும்போதும், மருத்துவமனையிலிருந்து திரும்பும்போதும், புது மாத்திரை தொடங்கும்போதும் நோட்டைத் திரும்ப எடுத்து, 6ஆவது படியின் மூன்று நாள் குறிப்பை எழுதுங்கள். அந்த மூன்று இரவுகளில் ஒன்றிலாவது நீங்களே பக்கத்தில் இருங்கள்.